பால் ஊருக்கு, கறி சேரிக்கு

ஒரே மாட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது சாதி. கோட்டுக்கு அந்தப் பக்கம் பால், தயிர், வெண்ணெய், நெய். இந்தப் பக்கம் கறி, குடல், கொழுப்பு, எலும்பு, தோல். சாணியும் மூத்திரமும்கூட அந்தப் பக்கம்தான். பஞ்சகவ்யம் என்று பேர் வாங்கிக்கொண்டு அவை கருவறை வரைக்கும் போய்வருகின்றன. அந்தச் சாணியை அள்ளிக் கூடையில் சுமந்த பொம்பளை மட்டும் கோயில் வாசப்படிக்கு வெளியே நிற்க வேண்டும். பாலைக் குடிப்பவன் சுத்தக்காரன், கறியைத் தின்பவன் தீட்டுக்காரன். மாடு என்னவோ ஒன்றுதான்.

இந்தக் கோடு தெரியாத ஒரு சாப்பாட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மக்ரோனியையோ வேறு பாஸ்தாவையோ வேகவைத்து, கொத்துக்கறியைத் தக்காளியோடு சுண்டவைத்த சாஸை அதில் கலந்து, மேலே சீஸைத் துருவிப் போட்டு, ஓவனில் மேல்பக்கம் சிவக்கச் சுட்டு எடுப்பது. பெங்களூரிலும் சென்னையிலும் பெரிய ஓட்டல்களில் கிடைக்கிறது. எங்க ஆளு ஒருத்தரின் ஒருநாள் கூலியை ஒரு தட்டு விழுங்கிவிடும். அதில் மேலே இருக்கிற சீஸும் மாடு கொடுத்தது, கீழே இருக்கிற கறியும் மாடு கொடுத்தது. நம் நாட்டில் ஊருக்கும் சேரிக்கும் பங்கு பிரித்துக் கொடுத்ததை ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள். பெரிய சாதிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அதை வாங்கிப் போட்டோ எடுத்துத் தின்கிறார்கள். யாருக்கும் தீட்டு ஒட்டுவதில்லை. அதே கறியை எங்க தெருவில் மண்சட்டியில் வைத்தால் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள்.

தலித் இலக்கியப் பத்திரிகையில் இத்தாலிக்காரன் சாப்பாடு எதுக்கு என்று சில தோழர்கள் கேட்பார்கள். நிலம், கூலி, வன்கொடுமை என்று எழுத ஆயிரம் கிடக்கும்போது அடுப்படிச் சமாச்சாரம் தேவையா என்பார்கள். அடுப்படி அரசியலுக்கு வெளியே இருக்கிறது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தவர்கள் இல்லை. நம்மை ஊருக்கு வெளியே வைத்ததற்குச் சொன்ன காரணமே நாம் தின்ற கறிதான் எனும்போது, தட்டைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

*

முதலில் இந்தச் சாப்பாட்டின் ஊரைப் பார்ப்போம். வட இத்தாலியில் போலோன்யா என்று ஒரு நகரம். அந்த ஊர்க் கொத்துக்கறிச் சாஸுக்கு ராகூ என்று பேர். இத்தாலியச் சமையல் கழகம் 1982 அக்டோபர் 17ஆம் தேதி அதன் செய்முறையை அந்த நகரத்து வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்து வைத்தது. மாட்டுக்கறி 300 கிராம், உப்பிட்ட பன்றி வயிற்றுக்கறி 150 கிராம், கேரட், செலரி தலைக்கு 50 கிராம், வெங்காயம், கொஞ்சம் தக்காளிச் சாறு, அரை டம்ளர் ஒயின், ஒரு டம்ளர் பால். மாட்டுக்கறியிலும் விலை கூடிய துண்டு இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சவ்வோடு ஒட்டிக்கிடக்கிற சாதாரணக் கறி.

கவனியுங்கள். மாடு, பன்றி, குடி. நம் சேரியை எதையெதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அத்தனையும் ஒரே சட்டியில் கிடக்கிறது. ஒரு சமூகம் அதை நிலப்பத்திரம் மாதிரி பதிந்து வைத்துப் பெருமைப்படுகிறது. அந்த மாட்டுக்கறி வேகுவதும் மாட்டுப்பாலிலேயே. மேலே துருவிப் போடுகிற பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸில் பாலைத் திரிய வைப்பது எது? கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னட். (நம்மூர்க் கடைகளில் விற்கும் அமுல் சீஸுக்கு நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னட். அதனால் அதன்மேல் பச்சைப் புள்ளி.) ஆக, பாலுக்குள்ளேயே கறி இருக்கிறது, கறிக்குள்ளேயே பால் இருக்கிறது. இரண்டையும் பிரித்தது மாடில்லை, மனு.

இந்தச் சாப்பாடு அமெரிக்காவுக்குப் போன கதையும் நமக்கு வேண்டியதுதான். 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழைகள், நிலமில்லாக் கூலிகள். அங்கே அவர்களைப் பூண்டு நாத்தம் பிடித்தவர்கள் என்று ஏசினார்கள். 1891 மார்ச் 14இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கும்பல் கூடி 11 இத்தாலியரைக் கொன்றது. சொந்த ஊரில் பண்டிகை நாளில் மட்டுமே கறியைப் பார்த்தவர்கள், அமெரிக்காவில் அது மலிவாகக் கிடைத்ததும் பாஸ்தாவில் கறியையும் சீஸையும் தாராளமாகப் போட்டுச் சுட்டுத் தின்றார்கள். இன்று அது அமெரிக்காவில் எல்லா வீட்டுச் சாப்பாடு.

அங்கே சாப்பாடு மேலேறியபோது தின்றவர்களும் மேலேறினார்கள். அவர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அதே மண்ணில் கறுப்பு மக்களுக்கு அந்தக் கணக்கு திறக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. இங்கே நடந்தது அதைவிட மோசம். கறி மட்டும் கப்பலேறிச் சுற்றிவந்து, இத்தாலிப் பேர் வைத்துக்கொண்டு, நட்சத்திர ஓட்டல் மேல்மாடியில் உட்கார்ந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கறியைத் தின்றவன் வாசலில் வண்டிக்குக் காவல் நிற்கிறான், அல்லது உள்ளே பாத்திரம் கழுவுகிறான்.

*

என் சித்தப்பா மகன் அப்படிப் பாத்திரம் கழுவப் போனவன்தான். தர்மபுரி மாவட்டத்துச் சேரிகளில் பெங்களூருக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. கட்டட வேலை, ஓட்டல் வேலை, கிடைத்த வேலை. எட்டு வருசத்தில் அவன் கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புக்கு முன்னால் வந்துவிட்டான். இன்றைக்குப் பாஸ்தா, சாஸ், ஓவன் எல்லாம் அவன் கைவேலை. 2021 ஜனவரியில் கர்நாடகத்தில் பசுவதைத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பசு, காளை, கன்று எதையும் வெட்டக் கூடாது. 13 வயதைத் தாண்டிய எருமை மட்டும் விதிவிலக்கு. அதிலிருந்து அவன் கிண்டுவது எருமைக்கறி சாஸ். சாப்பிட வருகிறவர்களுக்குக் குறையொன்றுமில்லை.

அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை என்ன தெரியுமா? வீட்டில் கறி சமைக்கக் கூடாது. பகல் முழுக்க மற்றவர்களுக்கு மாட்டுக்கறி சமைத்துப் போட்டுவிட்டு, ராத்திரி ரூமுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிடுகிறான். "அக்கா, கோட்டு போட்டுக்கிட்டு உள்ள நின்னா செஃப். அதே சாமானை ரூம்ல சமைச்சா நாத்தம் புடிச்சவன்" என்றான். சாதி எங்கேப்பா இருக்கு இப்போ என்று கேட்கும் அறிவாளிகள் பெங்களூரில் 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்று எழுதித் தொங்கவிட்ட வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கட்டும். எங்களிடம் சாதி கேட்காமலே சாதி கேட்கும் முறை அது.

போன பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்க தெருவிலேயே இதைச் செய்தோம். ஊரில் மாட்டுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டு முடித்த கையோடு. எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன், வேண்டுமென்பவர்கள் செய்துகொள்ளலாம்.

மாட்டுக்கறி ஒரு கிலோ, எலும்பில்லாமல் பொடியாகக் கொத்தி வாங்கினது. எண்ணெயில் வெங்காயமும் ஒரு முழுப் பூண்டும் துருவின கேரட்டும் வதங்கியதும் கறியைப் போட்டு, தண்ணீர் வற்றி நிறம் மாறும்வரை விடாமல் கிளற வேண்டும். அதற்குமேல் ஒரு கிலோ தக்காளி, உப்பு, மிளகு, ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள். ஒன்றரை மணிநேரம் சிறு தீ. கடைசியில் ஒரு டம்ளர் பால். இன்னொரு பக்கம் ஒரு கிலோ மக்ரோனியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முழுசாக வேகும் முன்னாலேயே வடித்துவிட வேண்டும். மிச்ச வேக்காடு சாஸில் நடக்கும். 100 கிராம் வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, ஒரு லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டினால் வெள்ளை சாஸ். மக்ரோனி, கறி, வெள்ளை சாஸ் என்று அடுக்கடுக்காகத் தட்டில் பரப்பி, மேலே 400 கிராம் சீஸ்.

ஓவனுக்கு எங்கே போவது? அண்டாவில் மூணு விரல்கடை மணல் கொட்டி, அதன்மேல் செங்கல் துண்டு வைத்து, மூடி நல்லாச் சூடேற்றி, தட்டை உள்ளே இறக்கினோம். மூடிமேல் கொட்டாங்குச்சிக் கரி நெருப்பு. அந்த மேல்நெருப்பில்தான் சீஸ் உருகிச் சிவக்கும். அரைமணி நேரம், முக்கால்மணி நேரம். ரெண்டு தட்டு, ரெண்டு தடவை. இருபது பேர் தின்றோம்.

பாலை ஊற்றும்போது எங்க ஆயா கையைப் பிடித்துக்கொண்டது. "கறியில பால ஊத்துறியேடா, சாமி குத்தம்டா." நாப்பது வருசம் ஊர்க்காரங்க மாட்டுக்குத் தீனி வைத்து, சாணி அள்ளி, கன்னு போட்டால் மொகத்தைத் தொடைச்சு விட்டது ஆயா. அந்த மாட்டுப் பாலில் ஒரு டம்ளர் அதன் வாய்க்கு வந்ததில்லை. வெயில் காலத்தில் மோர் வரும், அதுவும் தூக்கிப் பிடித்து மேலேயிருந்து கையில் ஊற்றுவார்கள். ஆனால் மாடு செத்துவிட்டால் விடியும் முன்னே ஆள் வந்துவிடும்: "வந்து தூக்கிட்டுப் போங்கடா." உயிரோடு இருக்கும்வரை அது அவர்கள் லட்சுமி, செத்த நிமிசம் எங்கள் சொத்து. இப்படி ஒரு பாகப்பிரிவினையை ஆயாவின் மண்டைக்குள் சாமி பேரால் ஏற்றிவைத்தவன் யார்? அவன்தான் குத்தவாளி. ஆயா பிறகு ரெண்டாவது முறை கேட்டு வாங்கித் தின்றது. "மல்லித்தூள் போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்பது அதன் விமர்சனம்.

*

மூடிமேல் நெருப்பு வைத்துச் சுடுவது புதுசில்லை. பிரியாணிக்குத் தம் போடுகிற அதே வேலைதான். தம் பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில் என்ன நடந்தது? 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக அறிவித்தது. கோழி இருந்தது, ஆடு இருந்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை. தலித் அமைப்புகளும் இசுலாமிய அமைப்புகளும் எதிர்த்தன; திருவிழாவுக்கு வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். மாட்டுக்கறியை விலக்கியது பாகுபாடாகாதா என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

ஆம்பூர் எதனால் பிழைக்கிற ஊர்? தோலால். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிடும் தோல் ஷூவாகிக் கடல் கடந்து போகிறது. தோலுக்குத் திருவிழா உண்டு, ஏற்றுமதி விருது உண்டு, அமைச்சர் வருகை உண்டு. அந்தத் தோலுக்கு உள்ளே இருந்த கறிக்கு மட்டும் அரசாங்கப் பந்தலில் ஒரு ஸ்டால் கிடையாது. காலில் போடலாம், வாயில் போடக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை தீவுத்திடலில் நடந்த உணவுத் திருவிழாவிலும் இதே கதைதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே மாட்டுக்கறி பிரியாணிக்குக் கடை வந்தது. சண்டை போட்டால்தான் நம் சோறு 'தமிழர் உணவு' ஆகும்போல.

மாட்டுக்கறி ஏதோ எங்க நாக்கு ருசி விவகாரம் என்று நினைக்கிற விவசாயிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் விடியக்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் தெரியும், மாடு ஒருநாள் கறவை வற்றும். பாதிக் கன்றுகள் கிடாரியாகப் பிறக்காது, காளையாகப் பிறக்கும். டிராக்டர் வந்தபிறகு அதற்கு ஏரில் வேலையில்லை. வற்றின மாட்டுக்கும் வேண்டாத காளைக்கும் காசு கொடுத்து வாங்கிப் போகிறவன் யார்? கறி தின்கிறவனுக்காக வாங்குகிறவன். அந்தக் காசில்தான் அடுத்த கறவை மாடு தொழுவத்துக்கு வருகிறது. வெட்டுக்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று 2017 மே 23இல் மத்திய அரசு விதி போட்டது. மே 30இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே நாளில், அந்த விதியை எதிர்த்து நடந்த மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஓர் ஆய்வு மாணவர் சென்னை ஐஐடி வளாகத்தில் தாக்கப்பட்டார். பாலின் பொருளாதாரம் கறியின்மேல்தான் நிற்கிறது. கறியைத் தின்பவனை அடித்துவிட்டுப் பாலை மட்டும் குடித்துவிட முடியாது.

*

இனி நம்மவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. "மாட்டுக்கறியை விட்டாத்தான் மரியாதை" என்று ஒரு கூட்டம் ரொம்பக் காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அம்பேத்கரே 1927இல் மகாத் மாநாட்டில் கறியை விடச் சொன்னாரே என்று சாட்சிக்கும் இழுக்கிறார்கள். அவர் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊர்க்காரன் தூக்கி எறிவதை எடுத்துப் பிழைக்காதே, அவன் ஏவும் இழிதொழிலைச் செய்யாதே என்றார். அது அடிமை வேலையை மறுப்பது. காசு கொடுத்துக் கடையில் வாங்கும் கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதே அம்பேத்கர்தான் தீண்டப்படாதோர் யார் என்ற கேள்விக்கு விடையாக 1948இல் எழுதிய நூலில், பார்ப்பனர்களும் ஒருகாலத்தில் மாட்டுக்கறி தின்றவர்களே, பௌத்தத்தை வெல்லவே அதை விட்டார்கள், தொடர்ந்து தின்றவர்கள்மேல் தீண்டாமை விழுந்தது என்று வாதிட்டார். கறியை விட்டால் தீண்டாமை போய்விடும் என்று அவர் எங்கும் ஏமாற்றவில்லை. கறியை விட்ட நம் சனங்களில் யாருக்காவது ஊர்க்கோயில் திறந்ததா? சொல்லட்டும்.

இன்னொரு கூட்டம் இப்போது புதுசாகக் கிளம்பியிருக்கிறது. படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகள். மாலுக்குப் போய் 'பீஃப் லசான்யா' ஆர்டர் செய்து படம் போடுகிறார்கள். சொந்த வீட்டு விசேசத்தில் மட்டும் "நாங்க அதெல்லாம் சாப்பிடறதில்லை சார்" என்று கோழி பிரியாணி போடுகிறார்கள். பீஃப் என்றால் நாகரிகம், மாட்டுக்கறி என்றால் வெட்கம். ஒரே கறிக்கு இரண்டு பேர் வைத்து ஒளிந்து விளையாடுவதில் யார் ஏமாறுகிறார்கள்? ஊர்க்காரன் ஏமாறுவதில்லை, அவனுக்கு நம் தெரு தெரியும். நம் பிள்ளைகள்தான் ஏமாறுகிறார்கள். அம்மா வைக்கிற குடல் குழம்பும் வெயிலில் காயவைத்த உப்புக்கண்டமும் யாரும் எழுதிவைக்காமலே போகின்றன. மராத்தியில் ஷாஹு படோலே தம் மக்களின் சமையலைப் பற்றி 2015இல் புத்தகம் எழுதினார். 2024இல் அது ஆங்கிலத்துக்கும் வந்தது. போலோன்யாக்காரன் கொத்துக்கறிச் சாஸைப் பதிந்து வைக்கிறான். நம்மிடம் நம் சட்டிக்கு ஒரு பதிவும் இல்லை.

*

அப்படியானால் நம் சமையலே போதுமே, பாஸ்தா எதற்கு என்ற கேள்வி வரும். தர்மபுரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று சேரிகளையும் கொளுத்தினார்கள். காதல் திருமணம் ஒரு சாக்கு. எரிந்தது என்ன? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டின வீடு, வாங்கின வண்டி, டிவி, பீரோ, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ். அந்த நாட்களில் மேடை போட்டுப் பேசினார்கள்: ஜீன்ஸ் பேண்டு போடுகிறான், டி-சர்ட் போடுகிறான், கூலிங் கிளாஸ் மாட்டுகிறான் என்று. உலகமே போடுகிற பேண்டு எங்கள் பையன் இடுப்பில் ஏறினால் குற்றம்.

இதுதான் அவர்கள் நமக்கு வைத்திருக்கும் பொறி. பழையதைத் தின்றால் இழிவு, புதியதைத் தின்றால் திமிர். மாட்டுக்கறிக் குழம்பு என்றால் நாத்தம். மாட்டுக்கறி பாஸ்தா என்றால் 'வந்த வாழ்வைப் பார்'. ஆகவே இரண்டையும் தின்ன வேண்டும் என்கிறேன். குடல் குழம்பையும் விடக் கூடாது, சீஸையும் விடக் கூடாது. உலகத்தில் எவன் எதைச் சமைத்தாலும் அதைக் கற்று நம் கறியைப் போட்டு நம் அடுப்பில் சமைக்க நமக்கு உரிமை உண்டு.

2024 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில், கம்பைநல்லூர் பக்கம், காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். சட்டம் இருப்பதால் கைது. கொட்டாங்குச்சியைத் தேடி எடுத்த அந்த மனசை எந்தச் சட்டம் கைது செய்யும்?

அந்த டீயில் ஊற்றியதும் பால்தான். ஊர் நமக்குப் பாலைக் கொடுத்தாலும் கொட்டாங்குச்சியில்தான் கொடுக்கும்.

அரசாங்கம் உணவுத் திருவிழா நடத்தினால் முதல் ஸ்டால் பட்டியலிலேயே மாட்டுக்கறி இருக்க வேண்டும், எதிர்ப்புக்குப் பிறகு அல்ல. தாட்கோ கடனில் மெஸ் போடுகிற நம் ஆட்கள் போர்டில் மாட்டுக்கறி என்று பெரிதாக எழுத வேண்டும். பள்ளிக்கூடத்து டிபன் பாக்சை மூடிக்கொண்டு தின்னும் பிள்ளையிடம் திறந்து வைத்துத் தின்னு என்று சொல்ல வேண்டும். திட்டுகிற வாத்தியாரைப் போய்க் கேட்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்து கொட்டாங்குச்சி டீ குடிக்கிற பாத்திரமில்லை. நெருப்பு மூட்டுகிற சாமான்.